சீருடை ரசிகர்கள்

அமெச்சூர் நாடகக்காரர்களுக்கு நிரந்தரமான ஒரு கவலை உண்டு: பார்க்க ஆள் வருவதில்லை. பகலெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு, இரவில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, கைக்காசைப் போட்டு அரங்கம் பிடித்து, மைக் செட்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து நாடகம் போட்டால், வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் நடிகர்களின் உறவுக்காரர்கள். மீதிப் பேர் வேறு குழுக்காரர்கள். அடுத்த மாதம் அவர்கள் நாடகத்துக்கு இவர்கள் போயாக வேண்டும் என்ற மொய்க் கணக்கு. பத்திரிகை விமர்சகர் வருகிறேன் என்பார், வரமாட்டார். வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்.

அரசியல் எதிர்ப்பு நாடகத்துக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அழைப்பிதழ் இல்லாமலே வருகிற, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை இடத்தைவிட்டு அசையாத, நடுவில் கைபேசியை நோண்டாத, ஒவ்வொரு வசனத்தையும் நோட்டில் குறித்துக்கொள்கிற ரசிகர் ஒருவர் அதற்கு உறுதியாகக் கிடைப்பார். சில நாள் மஃப்டியில் வருவார். சில நாள் சீருடையிலேயே வந்துவிடுவார்.

காவல்துறையின் நாடக ரசனையை நாம் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை. நாடகக்காரர்களே கருத்தரங்கில் உட்கார்ந்து, கலை சமூகத்தை மாற்றுமா என்று இழுத்து இழுத்துப் பேசுவார்கள். ஓரளவு மாற்றும், மறைமுகமாக மாற்றும், காலப்போக்கில் மாற்றும் என்பார்கள். காவல்துறைக்கு இந்த இழுபறியே கிடையாது. நாடகம் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிடும், அதுவும் இன்றிரவே, திரை விழுவதற்குள் கவிழ்த்துவிடும் என்று அது மனப்பூர்வமாக நம்புகிறது. அரிஸ்டாட்டில் முதல் பிரெக்ட் வரை எந்த மேதையும் நாடகத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை.

இந்த நம்பிக்கைக்குச் சுமார் 150 வயது. 1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப் போய், வீட்டுப் பெண்களை வைத்து வரவேற்பு கொடுத்தார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் அந்தச் சிரிப்பை மேடையேற்றியது. தடை விழுந்தது. பெயரை மாற்றிப் போட்டார்கள், மறுபடியும் தடை. சரி, இனி போலீசையே நாடகமாக்கிவிடலாம் என்று இறங்கினார்கள். அப்போதைய கமிஷனர் பெயர் ஹாக், சூப்பிரண்டெண்டு பெயர் லாம்ப். ஆங்கிலக் காதுக்கு முதலாமவர் பன்றி, இரண்டாமவர் ஆட்டுக்குட்டி. நாடகக்காரர்கள் இப்படியொரு வாய்ப்பை விடுவார்களா? 'பன்றி போலீஸ், ஆட்டுப் போலீஸ்' என்று பொருள்படும் தலைப்போடு விளம்பரம் வந்தது.

1876 பிப்ரவரி 29 அன்று வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் போட்டார். அந்த வருடக் கடைசியில் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக உட்கார்ந்தது. அரசாங்கத்தின் மீது வெறுப்பைத் தூண்டக்கூடிய நாடகத்தையும் அவதூறான நாடகத்தையும் தடுக்கலாம் என்றது சட்டம். எது வெறுப்பு, எது அவதூறு என்று முடிவுசெய்வது யார்? வெறுக்கப்படுகிறவர்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற தேதியில் பிறந்த அந்தச் சட்டம் நான்கைந்து தலைமுறைக்கு உட்கார்ந்திருந்தது.

வெள்ளைக்காரன் போகும்போது ரயிலையும் தபாலையும் விட்டுப் போனான் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதையும் விட்டுப் போனான் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சுதந்திர இந்தியா அதை எடுத்து யார் மீது வீசியது தெரியுமா? 1953இல் லக்னோவில் இப்டா என்ற நாடக அமைப்பின் குழுவினர் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக்கினார்கள். பெருநாள் சந்தையில் மற்றப் பிள்ளைகள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, ஏழைச் சிறுவன் ஒருவன், ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் பொசுங்குகிறதே என்று இடுக்கி வாங்கி வருகிற கதை. படிக்கிற யாரும் கலங்குவார்கள். நிர்வாகமும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. கொடுத்த அனுமதியை ரத்து செய்து, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே தடை உத்தரவைக் கொண்டுவந்து நீட்டியது. குழுவினர் நிறுத்தவில்லை. வழக்கு விழுந்தது. கையில் இடுக்கியோடு நிற்கும் ஒரு சிறுவனைக் கண்டு குடியரசு நடுங்கிய வழக்கு அது. 1956இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசமைப்புக்கு ஒவ்வாதது என்றது. செத்த சட்டத்தைப் புதைக்க டெல்லிக்கு அதற்குப் பிறகும் 60 வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. 2018 தொடக்கத்தில்தான், உதவாத பழைய சட்டங்களின் நீண்ட பட்டியலில் ஒன்றாக அதைத் தலைமுழுகினார்கள்.

நம்மூர்க் கதை இன்னும் ருசியானது. சென்னைக்கு வெள்ளைக்காரனின் சட்டம் போதவில்லை. எம்.ஆர்.ராதா தம் ராமாயண நாடகத்தால் ஆட்சியின் தூக்கத்தைக் கெடுத்த அதே 1954இல், காமராஜர் அரசு சொந்தமாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் செய்துகொண்டது. ஒரு நடிகருக்காக ஒரு மாநிலம் சட்டசபையைக் கூட்டியது என்றால், அதைவிடப் பெரிய கலைமாமணி எது?

1967இல் ஆட்சி மாறியது. அண்ணா நாடகம் எழுதியவர், தாமே வேடம் கட்டி நடித்தவர். கருணாநிதியும் அப்படியே. எம்.ஜி.ஆர். நாடகக் கம்பெனியில் வளர்ந்த பிள்ளை. ஜெயலலிதா இளம் வயதில் அமெச்சூர் குழுவின் மேடையில் நடித்தவர். நாடக மேடையிலிருந்து கோட்டைக்கு இத்தனை பேர் நடந்து போன இன்னொரு நிலம் உலகத்தில் இருக்குமா என்பது சந்தேகம். போனவர்கள் 1954 சட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள். தூசி தட்டினார்கள். மறுபடி பத்திரமாக அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். நாடகத்தின் பலம் தெரிந்தவர்கள் அல்லவா! அது அடுத்தவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கடைசியில் பரீக்ஷா என்ற அமெச்சூர் குழுவை நடத்திய ஞாநி நீதிமன்றப் படியேறினார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று அறிவித்தது. கழகங்கள் மாறி மாறி ஆண்ட 46 வருடத்தில் நடக்காததை ஒரு மனு நடத்திக் காட்டியது. அதற்காக எந்தக் கட்சியும் வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. இன்று எதிர்ப்பு நாடகம் போட விரும்புகிறவரைத் தடை உத்தரவு கொடுத்து யாரும் கௌரவப்படுத்துவதில்லை. அரங்க மேலாளர் மிக மரியாதையாகக் கேட்பார்: "கதை என்ன சார்? பொலிடிக்கலா? எனக்கொண்ணும் இல்ல சார், மேல கேப்பாங்க. ஒரு பக்கத்துல சுருக்கம் எழுதிக் குடுத்துடுங்களேன்." சுருக்கம் எழுதிக் கொடுத்த மறுநாள் அரங்கத்தின் ஏசி பழுதாகிவிடும். நாடகக்காரர் மின்விசிறி போதும் என்றால் மின்விசிறியும் பழுதாகிவிடும். பூங்காவில் போடலாம் என்றால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் தொண்டையால் பேசுகிறோம் என்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். நாற்பது பேர் பார்க்கிற நாடகத்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல். மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்குச் சாலையையே மறித்துப் பந்தல் போட்டால் அது போக்குவரத்துக்கு வளைகாப்பு. நடிகர்களில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகளைச் சுட்டிக்காட்டி ஒரு மெமோ வரும். அவருக்குப் பெண் கல்யாணம் பாக்கி, வீட்டுக் கடன் பாக்கி. ஒத்திகைக்கு வருவதை நிறுத்திக்கொள்வார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியுமா?

அதனால்தான் நம் எதிர்ப்பு நாடகங்கள் எல்லாவற்றிலும் ஒரு முட்டாள் ராஜா இருக்கிறார். பெயரில்லாத நாடு, பெயரில்லாத மந்திரி, பெயரில்லாத பஞ்சம். ராஜா கிரீடத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வருவார். நாம் சிரிப்போம். யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டதை அடுத்த இருக்கைக்காரருக்குத் தெரியப்படுத்துவதற்காகக் கொஞ்சம் உரக்கவே சிரிப்போம். முடிந்ததும் இயக்குநரிடம் போய், "செமையா கலாய்ச்சுட்டீங்க சார்" என்று கை குலுக்கிவிட்டு, டிபன் சாப்பிடப் போவோம். நம் பங்குப் புரட்சி முடிந்தது. ராஜா அப்படியே இருக்கிறார். கிரீடமும் நேராகத்தான் இருக்கிறது.

பெயரைச் சொல்கிறவர்கள் கதை வேறு மாதிரி முடிகிறது. 1989 ஜனவரி 1. டெல்லிக்கு வெளியே சாஹிபாபாத், ஜண்டாபூர் தொழிலாளர் குடியிருப்பு. ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு தெருவில் 'ஹல்லா போல்' நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. நகராட்சித் தேர்தல் நேரம். காங்கிரஸ் ஆதரவு பெற்ற வேட்பாளரின் கும்பல் தடிகளோடு புகுந்தது. ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். தலையில் அடிபட்ட, நாடகக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். வயது 34. குற்றவாளிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது 2003இல். கொலை செய்ய ஒரு மதியம், அது கொலைதான் என்று சொல்ல 14 வருடம். ஆகவே இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று யாரும் விரல் நீட்டி ஆறுதல் அடைய வேண்டாம். மேடையைக் கண்டால் எல்லாக் கொடிகளுக்கும் ஒரே காய்ச்சல்தான்.

ஆனாலும் அவர்களெல்லாம் வளர்ந்தவர்கள். எதைச் செய்கிறோம், எதை இழக்கலாம் என்று தெரிந்து தெருவில் நின்றவர்கள். குடியரசின் நாடக ரசனை அதன் உச்சத்தைத் தொட்டது பிறகு, கர்நாடகத்தின் வடகோடியில், பீதரில்.

2020 ஜனவரி 21. பீதரின் ஷாஹீன் பள்ளியில் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து ஒரு மாதம் கடந்திருந்த நேரம். அதற்குச் சில மாதம் முன்புதான் அஸ்ஸாமின் குடிமக்கள் பதிவேடு 19 லட்சம் பேரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. பெரியவர்கள் வீட்டில் ராத்திரி பெட்டியைக் குடைந்து தாத்தாவின் பத்திரத்தையும் பாட்டியின் ரேஷன் அட்டையையும் தேடுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வீட்டில் நடந்தது மேடைக்கு வந்தது. காகிதம் காட்டு என்று கேட்டால் என்ன செய்வது என்பதுதான் நாடகம். அதில் ஒரு சிறுமி, காகிதம் கேட்டு வருகிறவரைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசினாள். அது பிரதமரைச் சுட்டியது.

மரியாதைக் குறைவான வசனம்தான். ஒப்புக்கொள்வோம். எந்த வீட்டிலும் ஒரு பெரியம்மா, "பேசாம இருடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்து முடித்துவிடுகிற சமாச்சாரம். ஆனால் நாடகத்தின் காணொலி வெளியே போனது. பார்த்த ஒருவருக்கு மனம் புண்பட்டது. ஜனவரி 26, குடியரசு தினத்தன்று, அவர் புகார் கொடுத்தார். பதிவான பிரிவுகளில் தலையாயது 124ஏ, ராஜதுரோகம். 1870இல் வெள்ளைக்காரன் தன் ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த பிரிவு. திலகரையும் காந்தியையும் உள்ளே தள்ளிய பிரிவு. அதைத் தூக்கிக்கொண்டு, ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்றது சட்டம்.

ஜனவரி 30 அன்று பள்ளியின் தலைமையாசிரியையையும் அந்தச் சிறுமியின் தாயையும் கைது செய்தார்கள். காந்தி சுடப்பட்ட நாளில் நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிப்பார்கள். கர்நாடகக் காவல்துறை அந்த நாளை இப்படிக் கடைப்பிடித்தது. தாய் என்ன செய்தார்? வீட்டில் பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். அந்த வரி மூலப் பிரதியில் இல்லையாம், ஒத்திகையில் அவர் சேர்த்ததாம். ஆண்டு விழாவுக்குப் பிள்ளையைத் தயார்செய்கிற தாய்மார்களே, தெரிந்துகொள்ளுங்கள்: இந்த நாட்டில் ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட வேகமாக அங்கீகாரம் கிடைத்ததில்லை. வீட்டுவேலை செய்து, தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்த அந்தப் பெண் இரண்டு வாரம் சிறையில் இருந்தார். பிள்ளையை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள்.

இனி விசாரணை. ஒன்பது, பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளைக் காவல்துறை பள்ளிக்கே போய், ஒரு நாளோடு நிறுத்தாமல், திரும்பத் திரும்ப விசாரித்தது. யார் எழுதினார்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யார் பேசச் சொன்னார்கள்? வீட்டுப்பாடம் எழுதாததற்கே அழுகிற வயது. அந்தப் பிள்ளைகளின் எதிரே சீருடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் இந்த விசாரணையின் புகைப்படங்களைப் பார்த்த கர்நாடக உயர் நீதிமன்றம், சீருடையோடும் ஆயுதத்தோடும் குழந்தைகளை விசாரித்தது அவர்களின் உரிமைகளையும் சிறார் நீதி விதிகளையும் மீறிய செயலாகவே முதல் பார்வைக்குத் தெரிகிறது என்றது. நாடகம் பார்த்துப் பயந்த காவல்துறை, துப்பாக்கி இல்லாமல் நாலாம் வகுப்புக்குள் நுழையத் துணியவில்லை. அந்த வகுப்பறையில் யார் யாரைப் பார்த்து நடுங்கியிருப்பார்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம், உன் தோழி என்ன சொன்னாள் என்று வாக்குமூலம் வாங்குகிற அரசு, அந்தப் பிள்ளைக்கு அன்று ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. அந்தப் பாடம் எந்தச் சமச்சீர்ப் புத்தகத்திலும் இல்லை: தோழியைக் காட்டிக்கொடு, இல்லையென்றால் உன் அம்மாவைக் கொண்டுபோவோம்.

காவல்துறை நாடகம் என்றாலே பயப்படுகிறது, பாவம், அது அதன் சுபாவம் என்று யாராவது பரிதாபப்பட்டால் அவர்களுக்கு இன்னொரு நாடகத்தைக் காட்ட வேண்டும். அதே மாநிலம். ஐந்து வாரம் முன்பு. 2019 டிசம்பர் 15, தட்சிண கன்னட மாவட்டத்தின் கல்லட்கா. ஆர்.எஸ்.எஸ். தலைவர் ஒருவரின் பொறுப்பில் உள்ள ஸ்ரீராம வித்யாகேந்திரத்தின் விளையாட்டு விழா. மைதானத்தில் பாபர் மசூதியின் பெரிய படத்தை நிறுத்தினார்கள். வர்ணனை முழங்க, மாணவர்கள் ஓடிப்போய் அதைச் சாய்த்தார்கள். கரகோஷம். விருந்தினர் வரிசையில் ஒரு மத்திய அமைச்சர் இருந்தார். புதுச்சேரித் துணைநிலை ஆளுநரும் இருந்தார். அதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்புதான், நவம்பர் 9 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த மசூதியை இடித்தது சட்டத்தின் ஆட்சியை மோசமாக மீறிய செயல் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அரசமைப்பின் பெயரால் பதவியேற்றவர்கள், உச்ச நீதிமன்றம் சட்ட மீறல் என்று சொன்ன ஒன்றைப் பிள்ளைகள் நடித்துக்காட்ட, பார்த்து ரசித்தார்கள்.

அங்கேயும் வழக்குப் பதிவானது, உண்மைதான். அதில் ராஜதுரோகம் இல்லை. எந்தத் தாயும் இரண்டு வாரம் சிறையில் இருக்கவில்லை. மசூதியைச் சாய்க்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று துப்பாக்கியோடு ஒருவரும் வகுப்பறைக்குள் போய் உட்காரவில்லை. ஒரு கட்டடத்தை இடிப்பதை நடித்தால் விளையாட்டு விழா. ஒரு செருப்பைப் பற்றிப் பேசினால் ராஜதுரோகம். இரண்டுமே பள்ளி நாடகம், இரண்டிலும் பிள்ளைகள்தான் நடிகர்கள், மாநிலம் ஒன்று, ஆட்சி ஒன்று, காவல்துறை ஒன்று. வேறாக இருந்தது பிள்ளைகளின் பெயர்கள் மட்டும்தான்.

ஆகவே சீருடை ரசிகர் நாடகத்துக்குப் பயப்படுகிறார் என்று மேலே நான் சொன்னதெல்லாம் அவருக்குச் செய்த மரியாதை. அவருக்குப் பயம் கிடையாது. நல்ல விமர்சகருக்கு உள்ள அத்தனை கூர்மையும் அவருக்கு உண்டு. யார் எழுதினார், யார் நடித்தார், எந்தத் தெருவிலிருந்து வந்தார், அவர் அப்பா பெயர் என்ன என்று எல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் நாடகம் பிடித்ததா இல்லையா என்று முடிவுசெய்வார்.

2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் கலபுரகி அமர்வு பீதர் வழக்கை ரத்து செய்தது. நாடகத்தில் வன்முறையைத் தூண்டும் பேச்சு எதுவும் இல்லை, இது ராஜதுரோகம் ஆகாது என்றது. இதைக் கண்டுபிடிக்க மூன்றரை வருடம் ஆனது, ஆனாலும் நன்றி. அதோடு நிற்காமல் நீதிமன்றம் அறிவுரையும் சொன்னது. அந்த வசனம் பொறுப்பற்றதாம், அரசமைப்புப் பதவியில் இருப்பவரை அவமதிக்கக் கூடாதாம். அதுவரை சரி. பிறகு, அரசாங்கக் கொள்கையை விமர்சிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாதாம், நடப்பு அரசியல் இளம் மனதைக் கெடுத்துவிடுமாம், படிப்பில் ஆர்வத்தை வளர்க்கிற விஷயங்களை நாடகமாக்குவது நல்லதாம். பள்ளி மாணவியின் மனதைக் கெடுத்தது எது? அவள் மேடையில் பேசிய நாடகமா, அதற்காக அவள் வகுப்பறையில் வந்து உட்கார்ந்த சீருடையா? இந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

நம்மூர்ப் பள்ளிகள் இந்த அறிவுரையை உயர் நீதிமன்றம் சொல்லும் முன்பே கடைப்பிடித்து வருகின்றன என்று பெருமைப்படலாம். ஆண்டு விழாவில் மழைநீர் சேகரிப்பு நாடகம், கொசு ஒழிப்பு நாடகம், நெகிழிப் பை ஒழிப்பு நாடகம். இவற்றுக்கு நடுவே, மையால் மீசை வரைந்து, ஜிகினா உடை போட்டு, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டபொம்மனாக வருவான். அரசாங்கத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்துவான். அதிகாரியின் முகத்துக்கு நேரே அவனையும் அவன் குலத்தையும் பரிகாசம் செய்வான். வாளை உருவுவான். யோசித்துப் பாருங்கள்: நடப்பு அரசாங்கத்தின் வரிக் கொள்கையை ஆயுதம் ஏந்தி எதிர்க்கும் நாடகம். கீழே கலெக்டர் உட்கார்ந்து கைதட்டுவார், முதல் பரிசு கொடுப்பார், பையனின் கன்னத்தைத் தட்டி, பெரிய ஆளா வருவே என்பார். அந்த வசனத்தை மனப்பாடம் செய்யவைத்த தாயை யாரும் தேடிப் போவதில்லை.

கட்டபொம்மன் எதிர்த்த அரசாங்கம் செத்துப்போய்விட்டது, அதுதான் காரணம். செத்துப்போன அரசாங்கத்தைத் திட்டினால் பரிசு. உயிரோடு இருக்கிற அரசாங்கத்தைத் திட்டினால் பிரிவு. தேசபக்தி என்று நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பது இவ்வளவுதான்: கோபப்படு, ஆனால் 1947க்கு முன்னால் போய்க் கோபப்படு.

124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அரசாங்கமும் காலனியச் சட்டங்களை ஒழிக்கிறோம் என்று மார்தட்டி, 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்களைக் கொண்டுவந்தது. ராஜதுரோகம் என்ற சொல் அதில் இல்லை. அந்த வேலையைச் செய்ய 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாடகத்துக்குத் தடை வந்தால் பெயரை மாற்றி மறுபடி மேடையேற்றும் தந்திரம் கிரேட் நேஷனல் தியேட்டரிலிருந்து வந்தது. அரசாங்கம் அதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த அரசுக்கு அந்தப் பிள்ளைகளிடம் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பீதர் மேடையில் அன்று பதினொரு வயதில் நின்றவர்களுக்கு இப்போது பதினெட்டு வயது வருகிறது. ஒன்பது வயதில் நின்றவர்களுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடும். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க அவர்கள் வரிசையில் நிற்பார்கள். அரசாங்கம் அவர்களிடம் வயதுக்கு அத்தாட்சி கேட்கும், முகவரிக்கு அத்தாட்சி கேட்கும். நாடகத்தில் கேட்ட அதே கேள்வியை இந்த முறை உண்மையான மேஜைக்குப் பின்னாலிருந்து கேட்கும். கேட்கட்டும். பிள்ளைகளும் திருப்பிக் கேட்க வேண்டும்: ஒன்பது வயதில் எங்களிடம் வாங்கிய வாக்குமூலக் காகிதங்கள் எங்கே? எந்த அதிகாரி எழுதினார், யார் அனுப்பி வந்தார், அவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? முதலில் உங்கள் காகிதத்தைக் காட்டுங்கள், பிறகு எங்கள் காகிதத்தைக் காட்டுகிறோம்.

பதில் வராது. வராவிட்டால் அதையே அடுத்த நாடகமாகப் போடட்டும். ராஜா வேண்டாம், கிரீடம் வேண்டாம், பெயரில்லாத நாடு வேண்டாம். ஊர், தேதி, பிரிவு எண் எல்லாவற்றையும் வசனத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் வரிசையை நோட்டோடு வருகிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற வரிசைகளை நிரப்ப வேண்டியது நாம்தான். இந்தமுறை டிபன் சாப்பிட்டுவிட்டே வருவோம்.